யாழைத் தேடிய துறவி

விழா மலர் என்றால் கோவில் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் பெயர்களும், நன்கொடை ஈந்த நல்லோர் படங்களும் இடம்பெறுவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரில் உரிய பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுதப் புகுவது வேறொரு வரலாறு. கல்லும் சுண்ணாம்பும் இடிந்தால் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். ஓர் இசை மறைந்துபோனால் அதை மீட்பது எப்படி? அதற்காகத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழ்த் துறவியின் வரலாறு இது. அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் கல்வி பெற்றதும் கற்பித்ததும் கத்தோலிக்கப் பள்ளிகளில். அவர் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்ததோ நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில்.

திருப்பலியில் நாம் பாடும் திருப்பாடல்களில் 'யாழ்' என்ற சொல் பலமுறை வருகிறது. சவுலின் மனக்கலக்கம் நீங்கத் தாவீது மீட்டியது யாழ். பாபிலோனின் ஆற்றங்கரையில் சிறைப்பட்ட மக்கள் மரக்கிளைகளில் மாட்டி வைத்ததும் யாழே. விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இச்சொல்லைத் தமிழ் இலக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்டனர். ஆனால் அண்ணாகிராமம் வட்டாரத்தில் யாரையேனும் நிறுத்தி, "யாழைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சொல் நம் நாவில் இருக்கிறது. பொருள் நம் கையில் இல்லை.

இத்தனைக்கும் யாழுக்கும் நம் மாவட்டத்திற்கும் நெருங்கிய உறவு உண்டு. திருஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பாடல்களுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் பிறந்த எருக்கத்தம்புலியூர், விருத்தாசலத்தை அடுத்த இன்றைய இராசேந்திரப்பட்டினமே. பின்னொரு காலத்தில் தேவார ஏடுகள் தில்லைக் கோவிலில் கண்டெடுக்கப்பட்டபோது, பெரும்பகுதி கறையானுக்கு இரையாகியிருந்தது. எஞ்சியவற்றிலும் சொற்கள் கிடைத்தன. பாடும் முறை கிடைக்கவில்லை. அப்போது அந்த யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. ஏடு காத்தது எழுத்தை. இசையைக் காத்தது ஒரு குடும்பத்தின் செவியும் குரலும். இதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

யாழ் எப்படி மறைந்தது? சங்க காலத்தில் அது எளியோர் கையிலும் இருந்தது. ஆடு மாடு மேய்க்கும் இடையன் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டித் தானே ஒரு வில்யாழ் செய்துகொண்டதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. ஆசான் இல்லை, பள்ளி இல்லை. கையும் செவியுமே ஆசான். பின்னர் இக்கருவி வளர்ந்தது. 21 நரம்புகள் கொண்ட பேரியாழ், 19 கொண்ட மகரயாழ், 14 கொண்ட சகோடயாழ், 7 கொண்ட செங்கோட்டியாழ் என்று பழைய உரைகள் வகைப்படுத்துகின்றன. ஆனால் யாழில் ஒரு நரம்புக்கு ஓர் ஒலியே. வீணையிலோ ஒரே தந்தியில் மெட்டுக்கு மெட்டு விரல் வைத்துப் பல ஒலிகளை எழுப்பலாம். தந்தியை இழுத்துக் கமகமும் காட்டலாம். வீணை மேலோங்கியது, யாழ் ஒதுங்கியது. அதனை வாசித்து வந்த பாணர் குடியும் ஆதரவிழந்தது. இறுதியில் யாழ் இலக்கியத்திலும் கோவில் சிற்பங்களிலும் மட்டுமே எஞ்சியது.

மறைந்த தமிழிசையைத் தேடும் பணியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டவருள் முதன்மையானவர் ஒரு கிறிஸ்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. தஞ்சையில் சித்த மருத்துவராய்ப் புகழ்பெற்ற ஆபிரகாம் பண்டிதரே அவர். 1912-ஆம் ஆண்டு சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டு, 1919-இல் மறைந்தார். அவர் நட்ட விதை வீண்போகவில்லை.

நம் கட்டுரைத் தலைவர் மயில்வாகனன், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் 1892-இல் பிறந்தார். கண்ணகி அம்மன் கோவில் கொண்ட ஊர் அது. சிலப்பதிகாரம் அங்கே வழிபாட்டோடு கலந்த கதை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்று 1908-இல் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். 1917-இல் யாழ்ப்பாணம் புனித சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் அவருக்கு வாய்த்தது. பின்னர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்டு, விபுலானந்தர் என்னும் பெயர் ஏற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் இசைவாணர் குடியில் பிறந்தவர் அல்லர். கச்சேரி மேடை ஏறிய வித்துவானும் அல்லர். முறையாகக் கற்றவை தமிழும் விஞ்ஞானமும் ஆங்கிலமுமே. இசையாராய்ச்சிக்கு அவரை இட்டுச் சென்றது ஒரு நூல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும், அதற்கு அடியார்க்கு நல்லார் வகுத்த உரையும் இசை நுணுக்கங்கள் நிறைந்தவை. படிக்கும் பலர் அப்பகுதியை விரைவாகக் கடந்து போவார்கள். இவர் அங்கேயே நின்றுவிட்டார்.

1931 முதல் 1933 வரை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். தில்லையின் திருமுறை மரபு ஒருபுறம், பல்கலைக்கழகம் வளர்த்த இசைக்கல்வி மறுபுறம் சூழ்ந்த இடம் அது. 1941-இல் தமிழிசை மாநாடு கூடியதும் அதே அண்ணாமலை நகரில்தான். அவ்விடத்துப் பேராசிரியர் ஒருவர் பண்ணையும் யாழையும் பற்றிச் சிந்தித்ததில் வியப்பில்லை. வியப்பு, அவர் அதை விடாமல் பற்றிக்கொண்டதில் இருக்கிறது. பதவிகள் மாறின, இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் பத்திரிகை ஆசிரியர் பணி, 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பணி என்று இடங்களும் மாறின. யாழ் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

அவர் கையாண்ட வழி எளிதாய்ச் சொல்லத்தக்கது. இழுத்துக் கட்டிய நரம்பு ஒன்றைப் பாதியாகக் குறுக்கினால் அதே ஒலி ஒரு படி மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் 'இளி' கேட்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் 'உழை' கேட்கும். இது இயற்கையின் கணக்கு, எந்நாட்டிலும் மாறாது. பழந்தமிழர் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுத்து, மொத்தம் 22 அலகு என்றனர். குரலிலிருந்து உழைக்கு 9 அலகு. இளிக்கு 13 அலகு. இலக்கியம் கூறும் எண்ணும் நரம்பு காட்டும் அளவும் பொருந்துகின்றனவா என்று விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் கணக்கிட்டுப் பார்த்தார். கருவி அழிந்தாலும் அதன் கணக்கு அழியவில்லை என்று கண்டார். அக்கணக்கைக் கொண்டே பாலைகளையும் பண்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

ஆராய்ச்சி நூல் என்றதும் வறண்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். மட்டக்களப்பு வாவியில் நிலவுக் காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து இன்னொலி எழுவதுண்டு. 'பாடும் மீன்' என்று மக்கள் அதை அழைப்பர். விபுலானந்தர் அவ்வொலியையும் செவி கொடுத்துக் கேட்டு, 'நீரர மகளிர்' என்னும் பாடலாக்கித் தம் நூலில் சேர்த்தார். பின்னாளில் அதே புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த இயேசு சபைக் குரு அருட்தந்தை லாங், அவ்வொலியைப் பதிவு செய்து இலங்கை வானொலியில் ஒலிக்கச் செய்தார். துறவியும் குருவும் ஒரே நீர்நிலையின் ஓசைக்குச் செவி சாய்த்தது அழகிய ஒற்றுமை அன்றோ!

அடிகளாரின் 'யாழ்நூல்' 1947-ஆம் ஆண்டு சூன் 5, 6 நாட்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. முளரியாழும் சுருதி வீணையும் பிறவும் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. அவர் கண்ட கணக்கின்படி அமைந்த யாழைச் சங்கீத பூஷணம் க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டினார். நூற்றாண்டுகளாய் எழுத்தில் மட்டும் கிடந்த ஒரு பெயர் அன்று செவிக்கு விருந்தாயிற்று. உடல் நலிந்திருந்த அடிகளார் அடுத்த மாதமே, சூலை 19-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். பணி முடியும்வரை உயிர் காத்திருந்தது போலும்!

இவர் கண்ட முடிவுகள் அனைத்தையும் இசையறிஞர் யாவரும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆபிரகாம் பண்டிதர் அலகு 24 என்றார்; விபுலானந்தர் 22 என்றார். அவ்வழக்கு அறிஞர்களிடையே இன்றும் உண்டு. யாழும் உடனே கச்சேரி மேடைக்குத் திரும்பிவிடவில்லை. ஆனால் பாதை திறந்தது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்னும் இசைக்கருவிக் கலைஞர் யாழைச் செய்து மீட்டி வருகிறார்; கேட்க இளைஞர் கூட்டமும் இருக்கிறது.

நம் திருச்சபைக்கும் இப்பட்டறிவு புதிதன்று. கிரகோரியன் இசையின் பழைய வடிவம் சிதைந்து கிடந்தபோது, பிரான்சு நாட்டுச் சொலேம் மடத்துத் துறவியர் பழஞ்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதனை மீட்டனர். 1889 முதல் அச்சுவடிகளைப் படியெடுத்து வெளியிட்டனர். 1903-இல் திருத்தந்தை புனித பத்தாம் பயஸ், வழிபாட்டில் அவ்விசைக்கு மீண்டும் முதலிடம் தந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, அந்தந்த நாட்டு மக்களின் சொந்த இசைமரபை மதித்து இடம்தர வேண்டும் என்றது. இலத்தீன் பண்ணைக் காத்தவர்களின் அக்கறை, தமிழ்ப் பண்ணைக் காப்பதில் நமக்கும் வேண்டாமா?

"பேராசிரியர்கள் செய்யும் வேலை இது, நமக்கென்ன?" என்று எண்ணாதீர்கள். தஞ்சாவூரில் வீணை செய்வோர் நாடுவது நம் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தை. அவ்வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் தோப்பில் பழம் கொடுத்து முதிர்ந்த மரம் எங்கோ ஓர் இசைக்கூடத்தில் பாடுகிறது. மரத்தைக் கொடுத்த மண் இசையை மறக்கலாகாது.

தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிய பழம் பாடல்களை நம் முதியோர் பாடக் கேட்டிருக்கிறீர்கள். அப்பாடல்களின் சொற்கள் சில வீடுகளில் பழுப்பேறிய நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. இராகமோ எழுதி வைக்கப்படவில்லை. எழுபது எண்பது வயதைக் கடந்தவர்களின் தொண்டையில் மட்டும் இருக்கிறது. அவர்களுள் ஒருவரை நாம் அடக்கம் செய்யும்போது, அவருடன் எத்தனை மெட்டுகளைக் குழிக்குள் இறக்குகிறோம் என்று எண்ணிப் பார்க்கிறோமா? தேவார ஏட்டுக்கு நேர்ந்த கதை நம் வீட்டு நோட்டுக்கும் நேரும். அன்று எருக்கத்தம்புலியூரில் ஒரு பெண்மணி இருந்தார். நாளை நமக்கு யார் இருப்பார்?

ஆகவே நம் பாடகற்குழு இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். மின்விசைப் பலகையில் நீங்கள் தாமாகவே பழகி வாசிப்பது நமக்குப் பெருமையே. அத்துடன், விழா முடிந்த கையோடு வாரம் ஒரு மாலைப் பொழுது, தெருவுக்கு இருவராய்ச் சென்று, பெரியவர்கள் அருகில் அமருங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் நாளையும் குறியுங்கள். பதிவோடு நின்றுவிடாமல் அவர்கள் வாயால் கேட்டு, உங்கள் வாயால் பாடிப் பழகுங்கள். விபுலானந்தர் கல்லிலும் ஏட்டிலும் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கோ அடுத்த வீட்டுத் திண்ணை போதும்.

யாழேந்திய தாவீதின் வழிமரபில் தோன்றிய நம் ஆண்டவர், இந்த விழா ஆண்டில் உங்கள் இல்லங்களையும், அவற்றில் ஒலிக்கும் பாடல்களையும் ஆசீர்வதிப்பாராக.