காகித ஊரும் கச்சா எண்ணெயும்



எண்ணெய்க்காக நடக்கும் சண்டைகளை நாம் பெரும்பாலும் வரைபடத்தின் மேலே நின்றுதான் பார்க்கிறோம். எந்த வல்லரசு, எந்தக் கம்பெனி, எந்த உளவுத்துறை என்று கேட்கிறோம். குடிதண்ணீர்க் குழாயடியில் நின்று பார்த்தால் அதே வரலாறு வேறாகத் தெரிகிறது. இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு 1953-இன் ஈரானை நாங்கள் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

1901-இல் டார்சி என்ற செல்வந்தர் ஈரான் மன்னரிடம் அறுபது ஆண்டு உரிமம் வாங்கினார். ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 விழுக்காடு என்பது பேச்சு. 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு, சர்ச்சிலின் முயற்சியில், 1914-இல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிவிட்டது. 1950-இல் ஈரானுக்குப் போன பங்கைவிட லண்டனுக்குப் போன வரி அதிகம்.

அந்த எண்ணெயைச் சுத்திகரித்த ஊர் அபாடான். அன்றைக்கு உலகிலேயே பெரிய ஆலை அது. மேலே ஆங்கிலேயர்: புல்வெளி வீடு, கிளப், நீச்சல் குளம். நடுவில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும். அடியில் ஈரானியக் கூலிகள். தகரத்திலும் குப்பையிலும் கட்டிய அவர்களது சேரிக்குக் காகஸாபாத், அதாவது காகித ஊர், என்று பெயர். குழாய்த் தண்ணீரோ மின்சாரமோ அங்கே இல்லை என்று ஈரானிய எண்ணெய் அதிகாரி ஃபர்மான்ஃபர்மாயன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஊருக்குள் குடிநீர்க் குழாய்களில் ‘ஈரானியருக்கு அல்ல’ என்று எழுதியிருந்ததும் பதிவாகியிருக்கிறது.

இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. இனவெறியும் சாதியும் ஒன்று என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, அந்த ஏணியின் வேலை அங்கேயும் நடந்தது. நடுப்படியில் நிற்பவனுக்குக் கீழே ஒருவனைக் காட்டிவிட்டால் போதும், அவன் மேலே பார்க்க மாட்டான். எப்போதும் அப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1920-இல் அபாடானில் இந்தியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஈரானியர்களும் கூடச் சேர்ந்தார்கள். 1946-இல் ஈரானியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோதோ, அவர்களை மிரட்ட பக்கத்திலுள்ள பஸ்ராவுக்கு பிரிட்டன் அனுப்பிய படை இந்தியாவிலிருந்து போனது!

1951 மார்ச்சில் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதே மாதம் கம்பெனி தொழிலாளர்களின் படியைக் குறைத்தது. வேலைநிறுத்தம் மூண்டு ஏப்ரலில் அபாடானுக்கும் பரவியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன. அந்த மாதக் கடைசியில்தான் மொசாதெக் பிரதமரானார். பாடப்புத்தகங்கள் மொசாதெக்கிலிருந்து கதையைத் தொடங்குகின்றன. படிக்காசுக்காகச் செத்தவர்கள் முன்கதையாகக்கூட வருவதில்லை.

பிறகு வந்தது நெருக்கடி. ஈரான் எண்ணெயை யாரும் வாங்கக்கூடாது என்றது பிரிட்டன். 1952-இல் அந்த எண்ணெயுடன் போன ரோஸ் மேரி என்ற கப்பல் ஏடன் துறைமுகத்தில் பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் இவ்வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. சட்டத்தில் ஈரானுக்கு அது வெற்றி. கடலில் அது செல்லுபடியாகவில்லை. ஈரானிய எண்ணெய் நின்றதால் உலகம் தவிக்கவுமில்லை. குவைத்தும் சவுதியும் இராக்கும் உற்பத்தியைக் கூட்டின. எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்வதும் சோம்பேறித்தனம்தான். அமெரிக்காவை முன்னே தள்ளியதில் கம்யூனிச பயத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தப் பயத்தை ஊதிவிட்டால் காரியம் நடக்கும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

1953 ஆகஸ்ட் நடுவில் முதல் சதி தோற்றது, ஷா நாட்டைவிட்டு ஓடினார். ஆகஸ்ட் 19-இல் இரண்டாவது வென்றது. மொசாதெக்குக்கு மூன்றாண்டு சிறை, பின் 1967-இல் சாகும்வரை கிராமத்தில் வீட்டுக்காவல். இந்தக் கவிழ்ப்பில் தன் பங்கை சி.ஐ.ஏ. தன் சொந்த ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது வெளியானது 2013-இல்.

1954-இல் பங்கு பிரித்தார்கள். பழைய கம்பெனிக்கு 40, அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. லாபத்தில் ஈரானுக்குப் பாதி. சவுதி அரேபியா அந்தப் பாதியை 1950 டிசம்பரிலேயே, துப்பாக்கிச் சத்தமில்லாமல், வாங்கியிருந்தது. கணக்குப் புத்தகங்களைப் பார்க்க மட்டும் ஈரானியத் தணிக்கையாளர்களுக்கு அனுமதியில்லை. பழைய கம்பெனி அதே ஆண்டு பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.