கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடும் உடன்பிறந்தாரும்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது ஒன்றில் மனத்தை நிறுத்த இயலாமை, ஓயாத உடலியக்கம், எண்ணுமுன் செய்துவிடும் உந்துதல் ஆகியவை வயதுக்குப் பொருந்தாத அளவில் நீடிக்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடாகும். மருத்துவமனைகளில் ஏ.டி.எச்.டி. என வழங்கும் இதற்கு, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி முதலிய இரு சூழல்களிலேனும் காணப்பட வேண்டும் என வரையறை வகுத்தது. அதே வீட்டில் வளரும் மற்றொரு குழந்தையைப் பற்றி அவ்வரையறை எதுவும் கூறவில்லை.

கோயம்புத்தூர் மாவட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 770 பேரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளிவந்த ஆய்வு, 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. மதுரையில் வைகையின் தென்கரையில் அமைந்த ஆரப்பாளையம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இதன் அறிகுறிகள் பெரும்பாலும் ‘சேட்டை’, ‘வாலுத்தனம்’ என்றே பெயர் பெறுகின்றன. சேட்டை என்று கொள்ளப்படும்வரை மருத்துவரை நாடும் எண்ணம் எழுவதில்லை. அடக்கிவைக்கும் பொறுப்பு வீட்டாரிடமே தங்கி, அதில் ஒரு பங்கு உடன்பிறந்த குழந்தையின் மீது விழுகிறது.

இப்பங்கின் தன்மையை உடன்பிறந்தாரின் கூற்றுகளைக் கொண்டே விளக்கியது ஜூடி கெண்டல் 1999இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. அடியும் வசவும் படுதல், காவல் வேலை சுமத்தப்படுதல், இழப்புணர்வு ஆகியவை அதில் முதன்மையாக வெளிப்பட்டன. தமிழில் இக்காவல் வேலைக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. அக்காள், அண்ணன், தம்பி, தங்கை என்னும் பெயர்கள் வயது வரிசையையும் அதற்குரிய கடமையையும் சேர்த்தே சுட்டுவன. ‘தம்பியைச் சூதானமாகப் பார்த்துக்கொள்’ என்று அக்காளிடம் சொல்வது மதுரைப் பக்கத்து வீடுகளில் இயல்பு. ஆனால் ஏழு வயதுத் தங்கை பத்து வயது அண்ணனைச் சாலையோரத்தில் கைப்பிடித்து நிறுத்த நேரும்போது, கடமை தலைகீழாகிறது, பெயர் மாறுவதில்லை; அவள் செய்யும் வேலைக்கு உறவுமுறையில் பெயரே இல்லாததால், அது வேலையென்று எவராலும் எண்ணப்படுவதுமில்லை.

உடன்பிறந்தாரைக் கவனிக்க வேண்டியதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி, இக்குறைபாட்டில் மனிதரிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 விழுக்காடு மரபுக்கூறுகளால் விளைவது. எனவே தாயின் வளர்ப்பே காரணம் என்னும் பழி ஆதாரமற்றது. உடன்பிறந்தாரிடம் இது இருக்கும் வாய்ப்பும் பொதுமக்களைவிட மிகுதி. மிகையியக்கமின்றிக் கவனக்குறைவு மட்டும் மேலோங்கும் வகை, குறிப்பாகப் பெண்குழந்தைகளிடம், எளிதில் கண்ணுக்குத் தப்புகிறது. அண்ணனின் ஆர்ப்பாட்டத்துக்கு அருகே அமைதியாக அமர்ந்திருக்கும் சிறுமி ‘சமர்த்து’ எனப் பாராட்டப்படுவதே அவளைப் பரிசோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடக்கூடும் என்பது வருந்தத்தக்கது.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் கண்டறிய வேண்டிய நிலைகளுள் இக்குறைபாட்டையும் சேர்த்துள்ளது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இது தனியே இடம்பெறவில்லை. மதிப்பீட்டுக்கு ஆரப்பாளையத்தார் வைகையைக் கடந்து கோரிப்பாளையத்திலுள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மதிப்பீட்டுப் படிவங்கள் வழக்கமாகப் பெற்றோருக்கும் ஆசிரியருக்குமே தரப்படுகின்றன. கோயம்புத்தூர் ஆய்விலும் அவ்விருவரே விடையளித்தனர். பள்ளிவிட்ட பின் இரவுவரை அருகிலேயே இருக்கும் உடன்பிறந்த குழந்தையிடமும், அதன் உறக்கம், படிப்பு, அச்சம் ஆகியவற்றைப் பற்றி, பெற்றோர் உடனில்லாத வேளையில் தனியே கேட்டறிவது மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும்.