கலம் மாறும் மொழி

1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. குரலிலும் வீணையிலும் வாழ்ந்த கமகங்களை வெறும் ஸ்வர எழுத்துகள் தாங்கா. ஒவ்வோர் அசைவுக்கும் தனிக்குறி அமைக்க வேண்டியிருந்தது. அவருக்கு ஊக்கமளித்த சின்னசாமி முதலியாரோ இவ்விசையை ஐரோப்பியக் குறிமுறையில் எழுத முனைந்தவர். தனக்கென வார்க்கப்படாத கலத்தில் ஒன்றைப் பெய்வதன் இடர்ப்பாடு அது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கணினி மொழிகளும் அதையே சந்தித்தன.

1990இல் வரையறுக்கப்பட்ட ஹாஸ்கெல், கட்டளைகளின் வரிசையன்று. கணிதச் சார்புகளின் கோவை. தேவை எழும்வரை எதையும் கணக்கிடாத சோம்பல் அதன் இயல்பு (நல்ல சோம்பல்தான்). அதற்கெனவே கிளாஸ்கோவில் ஒரு தொகுப்பி உருவானது. ஆனால் வணிக உலகின் மென்பொருட்கள் 1995இல் வந்த ஜாவாவின் மெய்நிகர் பொறியில் குவிந்து கிடந்தன. அந்தச் செல்வத்தை ஹாஸ்கெலுக்குத் திறந்துவிட 2016இல் ஒரு முயற்சி தொடங்கிற்று. பெங்களூரின் டைப்லீட் நிறுவனத்தின் வழியே அது 'ஈட்டா' என்னும் மொழியாயிற்று. கிரேக்க எழுத்தின் பெயர் அது, எட்டயபுரத்தோடு உறவில்லை.

சிக்கல் எங்கே? சார்பு மொழியில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியதை ஒரு சார்பு தன்னையோ பிறிதொன்றையோ அழைத்தே செய்கிறது. ஜாவாப் பொறியோ ஒவ்வோர் அழைப்புக்கும் அடுக்கின்மேல் ஒரு தட்டு வைக்கும். கடைசி அழைப்பாயினும் பழைய தட்டை எடுக்காது. இலட்சம் முறை அழைத்தால் அடுக்கு சரியும். தன்னையே அழைக்கும் சார்பைச் சுழற்சியாக மாற்றிவிடலாம். ஒன்றையொன்று அழைப்பவற்றுக்கு 'ட்ராம்போலின்' என்னும் உத்தி: அடுத்த அழைப்பைச் செய்யாமல், 'இதை அழை' என்று சீட்டெழுதி மேலாளரிடம் திருப்பித் தருவது. அடுக்கு வளராது; வேகம் குறையும்.

2007இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட க்ளோஜர் வேறு வழி கண்டது. பொறியின் குறையை மறைக்காமல், 'ரிகர்' என்ற சொல்லை நிரலாளரே எழுதவேண்டும் என்றது. என் மனம் இந்த நேர்மையின் பக்கமே சாய்கிறது. எனினும் ஹாஸ்கெலை ஹாஸ்கெலாகவே கொண்டுசெல்ல விரும்பிய ஈட்டாவுக்கு அவ்வழி கிடையாது. சோம்பலையும் அது காக்க வேண்டியிருந்தது. கணக்கிடப்படாத மதிப்பு ஒவ்வொன்றும் ஜாவாவில் ஒரு பொருளாக நினைவகத்தில் காத்துக் கிடந்தது.

சில ஆண்டுகளில் ஈட்டாவின் வளர்ச்சி ஓய்ந்தது. 2023இல் கிளாஸ்கோத் தொகுப்பியே ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஹாஸ்கெலை இயக்கத் தொடங்கியது. அங்கும் அதே ட்ராம்போலின்தான்.