இருட்பள்ளத்தாக்கில் கேட்ட குரல்

துன்பக் காலத்தில் இறைவன் உடனிருக்கிறார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் ஆணிவேர். ஆலயத்திலும் துக்க வீட்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஆறுதல் மொழியும் அதுவே. ஆயினும், அவ்வுடனிருப்பைச் சற்றும் உணர இயலாத ஒருவன் என்செய்வான் என்ற வினா நம்முள் எழாமல் இருப்பதில்லை. இவ்வினாவைச் சிறைச்சாலையில் நேர்கொண்டவர் ஒருவர் உண்டு. 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழ்க் கிறித்தவ இல்லங்கள் அறிந்த நூலின் ஆசிரியர் ஜான் பன்யன் அவர்.

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ சிற்றூரில் 1628இல் பிறந்த பன்யன், பாத்திரங்களைச் செப்பனிடும் குடியில் வந்தவர். அத்தொழிலையே தாமும் செய்தவர். பெரும்படிப்பு இல்லை. அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காக 1660ஆம் ஆண்டு நவம்பரில் கைதானார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். கொடுக்க மறுத்தார், பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

வெளியே அவருடைய குடும்பம் பட்ட பாடு சிறிதன்று. முதல் மனைவி இறந்துவிட்டிருந்தார். அவர் விட்டுச்சென்ற குழந்தைகள் நால்வர். மூத்தவள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள். இரண்டாம் மனைவி எலிசபெத், கணவர் கைதான அதிர்ச்சியில் குறைமாதத்தில் பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தார். 1661இல் நீதிபதிகள் முன் தனியொருத்தியாக நின்று கணவருக்காக வாதாடினார். மாத்யூ ஹேல் என்ற நீதிபதி இரக்கத்தோடு செவிமடுத்தார். எனினும் விடுதலை கிட்டவில்லை. பன்யன் சிறையிலிருந்தவாறே நாடாக்களுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். பார்வையற்ற மகளை நினைக்குந்தோறும் தம் நெஞ்சு பிளப்பதுபோல் இருந்ததை 1666இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் மறைக்காமல் பதிவுசெய்துள்ளார்.

அந்நூலில் நம்மைத் திடுக்கிடச் செய்யும் பகுதி வேறொன்று. சட்டப்படி அவருக்கு நாடுகடத்தல் விதிக்கப்படலாம். அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. சிறைவாசத்தின் தொடக்கத்தில், தூக்குமேடை ஏணியில் கழுத்தில் கயிற்றோடு நிற்பதாகவே அவர் தம்மைக் கற்பனை செய்துகொண்டார். அவ்வேளையில் அஞ்சி நடுங்கி இறைவனுக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்று கலங்கினார். ஆறுதல் வேண்டி மன்றாடினார். எவ்வித ஆறுதலும் வரவில்லை. பல வாரங்கள் இந்நிலை நீடித்தது. இறுதியில் அவர் கண்ட தெளிவு வியப்புக்குரியது. ஆறுதல் தருவதும் தராததும் இறைவனின் உரிமை. அவரைப் பற்றிநிற்பது தம் கடமை. ஆதலின் ஆறுதல் கிட்டாவிடினும் கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பவனைப்போல் அவரை நம்பிக் குதித்துவிடுவது எனத் துணிந்தார். அத்துணிவுக்குப் பின்னரே அவர் நெஞ்சம் நிறைந்தது. உணர்ச்சி வந்தபின் நம்புவதைவிட இது எத்துணை அரிது என்பதைத் துயருற்றோர் அறிவர்.

1678இல் வெளிவந்த 'மோட்சப் பிரயாண'த்தில் இவ்வனுபவம் கதையாகக் கனிந்தது. மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பயணி தனியே தடுமாறுகிறான். தன் சிந்தனையையும் தீய ஆவி காதில் ஓதுவதையும் பிரித்தறியக்கூட அவனால் இயலவில்லை. அப்போது முன்னே இருளில் எவரோ ஒருவர் 23ஆம் சங்கீதத்தின் அடியைச் சொல்லிச் செல்லும் குரல் கேட்கிறது. இந்த இருளில் அவரோடு கடவுள் இருப்பாரெனில், நான் உணராவிடினும் என்னோடும் இருப்பாரன்றோ என்று அவன் எண்ணுகிறான். அவனுக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல் வானத்து ஒளியன்று. முன்னே நடக்கும் சக பயணி ஒருவரின் குரல்.

அக்குரல் கடல் கடந்து பொருநைக் கரைக்கும் வந்தது. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, பன்யனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை யாத்தார். 1894இல் நூலாக வெளிவந்த இக்காப்பியம் ஐந்து பருவங்களையும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாடல்களையும் கொண்டது. கம்பனில் தோய்ந்த நடை, இடையிடையே தேவாரப் பதிகங்களை நினைவூட்டும் இசைப்பாக்கள் எனத் தமிழ்ப் பக்தி மரபின் ஈரம் அதில் ஊறிக்கிடக்கிறது.

மூலத்தினின்று அவர் விலகும் ஓரிடம் நம் கருத்துக்குரியது. பன்யனின் கதையில் சிலுவை வழியிடைக் காட்சி. பயணியின் சுமை அங்கே கழன்று விழ, கதை விரைந்து மேற்செல்கிறது. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். பிடிபட்டு, எள்ளப்பட்டு, வதையுண்ட இறைமகனைக் கண்ட பிறகே தமிழ்ப் பயணி நடக்கிறான். உடனிருப்பவர் தாமும் துன்பம் அறிந்தவர் என்பதே இங்கு ஆறுதலின் அடித்தளமாகிறது. தன்னோடு துன்புறும் தலைவனை நோக்கி உருகுவது தமிழ் நெஞ்சுக்கு இயல்பாக வாய்த்தது போலும்.

துக்க வீட்டில் ஆறுதல் சொல்லும்போது நாம் இவ்விருவரையும் நினைப்பது நன்று. கடவுள் உன்னோடிருப்பதை உணரவில்லையா என்று துயருற்றவரைக் கடிந்துரைத்தல் வேண்டா. அவருக்குச் சற்று முன்னே, அதே இருளில், அவர் காதில் விழுமாறு பேசிக்கொண்டு நடந்தால் போதும்.