கார்ல்ஸ்பாட் குகையின் இரு வாயில்கள்

குகை காணச் செல்வோர் வழியையும் செலவையும் கணக்கிடுவர். அக்குகையின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சிவாவா பாலைவனத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் குகைத் தேசியப் பூங்காவுக்குச் செல்ல விரும்பும் மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. குகைக்குள் நடந்து இறங்குவதா, மின்தூக்கியில் இறங்குவதா? இச்சிறு கேள்விக்குள் நூறாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

கள்ளியும் முட்புதரும் மண்டிய அந்நிலம் ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. கடலுயிர்கள் கட்டிய திட்டே பிற்காலத்தில் சுண்ணாம்புக்கல்லாகி, குவாடலூப் மலையாக உயர்ந்தது. சுண்ணாம்புக் குகைகள் பெரும்பாலானவற்றை மழைநீரே குடைகிறது. இங்கோ, எண்ணெய்ப் படுகைகளிலிருந்து எழுந்த வாயு நிலத்தடி நீரில் கந்தக அமிலமாக மாறிக் கல்லைக் கரைத்தது. அதன் பின்னரே மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கல்விழுதுகளையும் கற்றூண்களையும் சமைத்தது.

இக்குகையைக் கண்டுபிடித்தவர் ஜிம் வைட் என்று எழுதுவோர் பலர். அச்சொல் எனக்கு உடன்பாடன்று. குகை வாயிலின் பாறைச் சுவரில் தொல்குடியினர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. மெஸ்கலேரோ அப்பாச்சி மக்களுக்கும் அம்மலை புதிதன்று. ஆயினும், உள்ளே நெடுந்தூரம் சென்று அதன் புகழை வெளியுலகுக்குக் கொணர்ந்தவர் வைட் என்பதில் ஐயமில்லை. மாடு மேய்க்கும் இளைஞராக இருந்த அவர், 1898இல் மாலை வேளையில் மலையிலிருந்து புகைபோல் ஏதோ எழக் கண்டதாகவும், நெருங்கியபோது அது வௌவால் கூட்டம் என்று அறிந்ததாகவும் பின்னாளில் கூறினார்.

வணிகர் கண்ணுக்கு அங்கே தெரிந்தது அழகன்று, எருவே! வௌவால் எச்சத்தைத் தோண்டி, கலிபோர்னியாவின் பழத் தோட்டங்களுக்கு அனுப்பினர். (நம் பத்துமலைக் குகைகளிலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டங்களுக்காக இதே எச்சத்தை அள்ளியதுண்டு.) எருத் தொழிலாளியாக உழைத்த வைட், தாம் கண்ட மண்டபங்களைப் பற்றிச் சொன்னபோது நம்பியவர் சிலரே. 1915இல் ரே டேவிஸ் எடுத்த நிழற்படங்களே ஊராரின் ஐயத்தைப் போக்கின. அக்காலப் பார்வையாளர்கள் எரு அள்ளும் பெரிய வாளியில் அமர்ந்தே இறங்கினர். 1923இல் அரசு அனுப்பிய ராபர்ட் ஹாலி குகையை அளந்து அறிக்கை தந்தார். அவ்வாண்டு அக்டோபர் 25ஆம் நாள் அதிபர் கூலிட்ஜ் அதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1930 மே 14இல் அது தேசியப் பூங்காவாயிற்று. வாளியின் இடத்தை மரப்படிகள் பெற்றன. 1932இல் மின்தூக்கியும் வந்தது.

மின்தூக்கியால் முதியோரும் நடக்க இயலாதோரும் குகையைக் காண முடிந்தது. அதைக் குறைகூற மாட்டேன். ஆனால், வந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்பினாலும் எதையோ விட்டுச் சென்றது. ஆடையிலிருந்து உதிரும் நூலிழையும் தலைமுடியும் பாறைகளில் படிகின்றன; தொண்டர்கள் அவற்றைத் தூரிகை கொண்டு அகற்றுகின்றனர். 2024இல் யாரோ தவறவிட்ட தின்பண்டப் பை ஒன்று, குகையின் ஈரத்தில் நனைந்து பூசணம் பூத்து, பூச்சிகளை ஈர்த்தது. மறந்துவிட்ட ஒரு பைக்கு அத்துணை வலிமை! உணவை வெளியே வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் கொண்டு செல்க என்னும் விதிக்கு வேறு விளக்கம் வேண்டா.

ஆதலின், கால் வலிமை உடையோர் இயற்கை வாயில் வழியே நடந்திறங்குக. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வளைவழி. 230 மீட்டர் இறக்கம். பகலொளி மெல்ல மெல்ல மங்கி இருள் சூழ்வதை உணர்ந்தால்தான் வாளியில் இறங்கியவரின் நெஞ்சத் துடிப்பு விளங்கும். திரும்புகையில் மின்தூக்கியில் ஏறலாம். நுழையும் நேரத்தை முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும். மேலே வெயில் கொளுத்தினாலும் உள்ளே வெப்பநிலை 13 பாகை அளவே. கம்பளிச் சட்டை தேவைப்படும். வேறு குகைகளுக்கு அணிந்து சென்ற காலணியையும் ஆடையையும் இங்கு அணியலாகாது. வௌவால்களைக் கொல்லும் பூசணநோய் அவற்றின் வழியே பரவக்கூடும்.

மே மாத இறுதி முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் செல்வோர் அந்தி வரை காத்திருத்தல் நலம். இலட்சக்கணக்கான வௌவால்கள் சுழன்று எழும் அக்காட்சியின்போது படக்கருவிக்கும் கைப்பேசிக்கும் இடமில்லை. வைட் கண்டதுபோல் வெறுங்கண்ணால் மட்டுமே காணலாம்.

இதே பூங்காவில் லெச்சுகியா என்னும் மற்றொரு குகை உண்டு. 1986இல் இடிபாடுகளை அகற்றி உள்ளே நுழைந்தவர்கள் தொடங்கி இன்றுவரை 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்துள்ளனர். அங்கே படிகளும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. ஆய்வாளர்க்கன்றிப் பிறர்க்கு அதன் கதவு திறப்பதுமில்லை.