உதகமண்டலம் அரசு தாவரவியல் பூங்கா

நீலகிரியில், தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில், ஏறத்தாழ 22 ஹெக்டேரில் அமைந்த மலர்ப் பூங்கா. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது.

பூங்கா வருமுன் இதன் கீழ்ப்பகுதி சதுப்பு. மேற்பகுதி சோலைக்காடு மண்டிய செங்குத்துச் சரிவு. சுற்றிலும் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளி. நீலகிரியின் உச்சிப்பகுதிகளில் சோலைமரங்கள் மலைமடிப்புகளில்தான் தழைக்கும். திறந்த சரிவில் உறைபனி கன்றுகளைக் கருக்கிவிடுவதால் அங்கே புல்லுக்கே ஆட்சி.

தொடக்கத்தில் பூவைப் பற்றி யாரும் நினைக்கவில்லை, தேவை காய்கறி. 1845-இல் ஊட்டிவாழ் ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். அது நிலைக்கவில்லை. பிறகு பொதுப்பூங்கா யோசனை எழுந்தது. சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபு ஆதரித்தார். லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் வந்து பொறுப்பேற்றார். சதுப்பை வடித்து, சரிவை அடுக்கடுக்காக வெட்டி, பாதை போட்டு முடிக்க ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. இன்று வருவோர் பூவைப் பார்த்து வியக்கிறார்கள். மெக்ஐவரின் உண்மையான சாதனை அந்த மண்வேலைதான். பின்னாளில், கொய்னா மருந்துக்குப் பட்டை தரும் சின்கோனா மரங்களின் நீலகிரித் தோட்டங்களும் அவர் பொறுப்பில் வந்தன. மரத்தின் பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் பொதிந்து கட்டி, மறுபடி பட்டை வளரவைக்கும் முறையைக் கையாண்டவர் அவரே. 1876-இல் ஊட்டியில் காலமானார்.

இங்குள்ள இத்தாலியப் பூங்காவை முதல் உலகப்போரின் இத்தாலியக் கைதிகள் அமைத்ததாக வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அந்தப் போரில் இத்தாலி 1915 முதல் பிரிட்டன் பக்கமே நின்று போரிட்டது. எனவே அந்தக் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை.

மலர்க்கண்காட்சி 1896-இல் தொடங்கியது. மே மாதத்தில் நடைபெறுகிறது. அந்தச் சில நாள் கோலாகலத்துக்குப் பின்னால் குளிர்காலத்து உழைப்பு இருக்கிறது. பனி இறங்கும் மாதங்களில் ஊழியர்கள் மாலையில் நாற்றுகளை மிலார்ச் செடிகளால் மூடிவைப்பார்கள். விடிந்ததும் புல்தரையில் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பார்கள். முன்பு மரக்கன்றுகளை வளரவிடாத அதே பனியோடுதான் இன்றும் மல்லுக்கட்டு.

பூங்காவுக்கு மேலே ஒரு தோடர் மந்து (குடியிருப்பு) உள்ளது. ஆனால் ஊட்டியைச் சுற்றி அவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் பெரும்பகுதியை விறகுக்கென்று கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரங்களும் யூகலிப்டஸும் விழுங்கிவிட்டன. பழைய நிலத்தைக் காண முக்குறுத்தி தேசியப் பூங்காவுக்குப் போகவேண்டும். அங்கே வனத்துறை சீகையை அகற்றிப் புல்லை மீட்டுவருகிறது.