எஞ்சினுக்குக் காது வந்த வரலாறு

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் மலைப்பாதையில், கியரை இறக்காது வண்டியை வருத்தும் சாரதிக்கு எஞ்சினுள் கூழாங்கற்கள் குலுங்குவது போன்றதோர் ஒலி கேட்பதுண்டு. தீப்பொறி மூட்டிய சுவாலை வந்தடையுமுன்னரே, சிலிண்டரின் ஓரத்தில் எஞ்சிய கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிப்பதால் எழும் தட்டல் அது.

1921 இல் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலிற் கலந்து அதனை அடக்கினார். அது நஞ்சென அறிந்த பின்னரும் உலகம் அதனை எளிதிற் கைவிடவில்லை. இலங்கையில் அது நீங்கியது 2002 இலேதான்.

எல்ல ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று மெலிவதால் சாதாரண எஞ்சினில் தட்டல் சற்றுத் தணியும். டேர்போ எஞ்சினுக்கோ அச்சலுகை இல்லை. மெலிந்த காற்றையும் அது அமுக்கி நிரப்பிவிடும். இரைச்சலிற் சாரதியின் காது ஏமாற, பிஸ்டன் துளைபட்டுவிடும்.

ஆகவே எஞ்சினுக்கே ஒரு காது வேண்டியதாயிற்று. அழுத்தினால் மின் பிறப்பிக்கும் பளிங்கின் இயல்பைக் கியூரி சகோதரர் 1880 இலேயே கண்டிருந்தனர். தட்டலை உணர்ந்து தீப்பொறியைத் தாமதிக்கும் ஏற்பாடு, 1978 இல் பியூக் டேர்போ வண்டிகளில் வந்தது. சில ஆண்டுகளில் சுவீடனின் ஸாப் நிறுவனத்தார் தட்டல் எழுந்ததும் டேர்போவின் அமுக்கத்தையே தணிக்கச் செய்தனர். இதுவே நுட்பமான தீர்வு எனலாம்.

பழைய டேர்போ எஞ்சினுக்கு இவ்வுணரியைப் பூட்டுவோர், அதனைச் சிலிண்டர்த் தொகுதியின் உலோகத்தோடு நேராக இறுக்குதல் வேண்டும். 90 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரில் தட்டல் செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 7,000 வரை அதிரும்; வால்வுகளின் ஓசையினின்றும் அதனைப் பிரித்தறிதல் வேண்டும். தீப்பொறியின் நேரத்தை எடைக்குண்டுகளும் வெற்றிடமுமே ஆளும் வண்டியில், உணரி கேட்டதைச் சொல்ல ஆளில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியொன்றையும் உடன் பொருத்தியே ஆகவேண்டும்.